யாருடைய வருமானம்?

தமிழ்த் துறையில் பாடம் நடத்துவதோடு, எங்கள் மாணவியரின் உதவித்தொகை விண்ணப்பங்களைச் சரிபார்த்து அலுவலகத்துக்கு அனுப்பும் வேலையும் பல ஆண்டுகளாக என்னிடம் இருக்கிறது. அரசுப் படிவம், அறக்கட்டளைப் படிவம், வங்கிக் கடன் படிவம் என்று பலவற்றைப் பார்த்துவிட்டேன். பெயர், பிறந்த தேதி, சாதி, மதிப்பெண் எல்லாம் முடிந்ததும் ஏறக்குறைய எல்லாப் படிவங்களிலும் ஒரு கட்டம் வரும்: பெற்றோர் ஆண்டு வருமானம். அதில் ஒரு தொகையை எழுதி, தாசில்தார் தந்த வருமானச் சான்றிதழையும் இணைத்துவிட்டால் அந்தப் பெண் ஏழையா இல்லையா என்பது முடிவாகிவிடும். அந்தத் தொகையில் அவள் கைக்கு எவ்வளவு வருகிறது என்று கேட்கும் கட்டத்தை நான் இதுவரை எந்தப் படிவத்திலும் பார்த்ததில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் முதுகலையில் சேர்ந்த ஒரு மாணவியைச் சொல்கிறேன். அவள் அப்பா மயிலாப்பூர்ப் பக்கம் கல்யாணச் சமையல் காண்ட்ராக்ட் எடுப்பவர். சான்றிதழில் வருமானம் நான்கு லட்சத்தைத் தாண்டியிருந்தது. ஆகவே எந்த அரசு உதவித்தொகைக்கும் அவள் தகுதி பெறவில்லை. இரண்டாம் பருவக் கட்டணம் கட்டாதவர்களின் பட்டியலில் அவள் பெயர் வந்தபோது கூப்பிட்டுக் கேட்டேன்.

"அப்பா கட்ட மாட்டேங்கிறார் மேம். பி.ஏ. வரைக்கும்தான் பேச்சாம்."

"கையில பணம் இல்லையாமா?"

"இருக்கு மேம். என் பேர்லயே இருக்கு. தி.நகர்ல நகைச் சீட்டு கட்டறார், மாசம் அஞ்சாயிரம்."

தி.நகர் நகைக் கடைகளின் சீட்டு பற்றித் தெரியாத சென்னைக் குடும்பம் குறைவு. மாதாமாதம் பணம் கட்ட வேண்டும். முதிர்ந்ததும் அந்தத் தொகைக்கு நகை எடுத்துக்கொள்ளலாம். பெரும்பாலும் ரொக்கமாகத் திருப்பித் தருவதில்லை. அதாவது, அந்தப் பணம் ஒருமுறை உஸ்மான் சாலைக்குள் நுழைந்துவிட்டால் தங்கமாகத்தான் வெளியே வரும். தங்கம் மறுபடி பணமாக வேண்டுமென்றால் அடகுக் கடைக்குப் போக வேண்டும். சீட்டு அட்டையில் இவள் பெயர். அரசின் கணக்கில் இவள் வசதியான வீட்டுப் பெண். அப்பாவின் கணக்கில் எல்லாமே இவளுக்காகத்தான் சேர்கிறது. இவளோ பஸ்சுக்குக் காசில்லாமல், கட்டணமில்லாத சாதாரணப் பேருந்து வரும்வரை நின்று வந்துகொண்டிருந்தாள்.

இந்தப் பெண்ணின் வறுமைக்குச் சான்றிதழ் தர எந்த அலுவலகமும் இல்லை. இப்படிப்பட்டவர்கள் ஒருத்தி இரண்டு பேரல்ல. அப்பாவுக்குச் சம்பளம் உண்டு, அண்ணனுக்கு பைக் உண்டு, வீட்டில் பெரிய டி.வி. உண்டு, கல்லூரிக் கட்டணம் என்று வரும்போது மட்டும் "இப்ப கையில இல்ல". உண்மையான விண்ணப்பத்தை இவர்கள் வீட்டுக்குள்தான் போட வேண்டியிருக்கிறது. வீடு என்பது ஒரே பணப்பை, அதில் இருப்பது எல்லோருக்கும் சமம் என்ற எண்ணத்தைப் பெண்ணியப் பொருளியலாளர்கள் நெடுங்காலமாக மறுத்துவந்திருக்கிறார்கள். பீனா அகர்வால் 1997இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை ஒன்று குடும்பத்துக்குள் நடப்பதைப் பேரம் என்றே பெயரிட்டு ஆராய்கிறது. யாரிடம் சொத்து இருக்கிறது, யாருக்கு வெளியே போக வேறு வழி இருக்கிறது, யார் கேட்பதை ஊர் நியாயம் என்று ஒப்புக்கொள்கிறது என்பதைப் பொறுத்தே அந்தப் பேரத்தில் ஒருவரின் பலம் அமைகிறது. கடைசியாகச் சொன்னதுதான் எங்கள் மாணவியருக்கு எதிராக அதிகம் வேலை செய்கிறது. மகளின் கல்யாணத்துக்குக் கடன் வாங்கும் அப்பாவை ஊர் பொறுப்பானவர் என்கிறது. மகளின் எம்.ஏ.வுக்குக் கடன் வாங்குபவரை ஒரு மாதிரி பார்க்கிறது.

ஊரின் இந்தப் பார்வையை அரசும் நெடுங்காலம் பகிர்ந்துகொண்டது. தமிழ்நாட்டில் பெண்களுக்கான நிதியுதவித் திட்டங்களின் பெயர்களைப் பாருங்கள். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் ஏழைப் பெண்களின் திருமணத்துக்கு உதவி. ஈ.வெ.ரா. மணியம்மையார் பெயரில் ஏழை விதவையர் மகளின் திருமணத்துக்கு. அன்னை தெரசா பெயரில் ஆதரவற்ற பெண்ணின் திருமணத்துக்கு. டாக்டர் தர்மாம்பாள் அம்மையார் பெயரில் விதவை மறுமணத்துக்கு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் மகப்பேற்றுக்கு. போராடிய பெண்களின் பெயர்களையெல்லாம் எடுத்துத் தாலிக்கும் தொட்டிலுக்கும் சூட்டியிருந்தார்கள்.

இதில் முத்துலட்சுமியின் பெயர் என்னை அதிகம் யோசிக்க வைக்கும். அவரே உதவித்தொகையால் படித்தவர். தேவதாசி மரபில் வந்த தாய்க்குப் பிறந்த பெண் ஆண்கள் கல்லூரியில் சேருவதா என்று எதிர்ப்பு எழுந்தபோது, புதுக்கோட்டை மன்னர் அதை ஒதுக்கிவிட்டு மன்னர் கல்லூரியில் அவருக்கு இடமும் உதவித்தொகையும் கொடுத்தார். 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912இல் மருத்துவராக வெளியே வந்தார். பின்னாளில், பொட்டுக்கட்டும் வழக்கத்திலிருந்து தப்பி வந்த பெண்களுக்குச் சென்னையின் விடுதிகள் இடம் மறுத்தபோது, அவர்களைத் தன் வீட்டிலேயே தங்கவைத்தார். 1930இல் அவ்வை இல்லம் பிறந்தது இப்படித்தான். பின்னர் அது அடையாறுக்கு இடம் மாறியது. கட்டணத்தைக் கட்டிவிட்டால் மட்டும் ஒரு பெண் படித்துவிட முடியாது, இரவில் படுக்க ஓர் இடம் வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

அவருக்குச் சற்று முன்பே, குழந்தை விதவையான சகோதரி சுப்புலட்சுமி 1911இல் மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்று, தன்னைப் போன்ற இளம் விதவைகளைப் படிக்கவைத்து ஆசிரியர்களாக்க ஒரு விடுதியைத் தொடங்கினார். அது பின்னர் கடற்கரையோர ஐஸ் ஹவுஸ் கட்டடத்துக்கு வந்தது. அரசுப் பணம் அந்த முயற்சிக்குக் கிடைத்தது. ஆனால் அந்த விடுதி பிராமண விதவைகளுக்கானதாகவே இருந்தது. ஒரு பெண்ணின் படிப்புக்கு வரும் உதவி எந்தச் சாதியின் வாசல் வழியாக வருகிறது என்ற கேள்வி அன்றைக்கே தொடங்கிவிட்டது. மயிலாப்பூர், தி.நகர் பகுதிகளில் சாதிச் சங்கங்கள் தம் பிள்ளைகளுக்கு மட்டும் தரும் உதவித்தொகைகள் இன்றும் பல உண்டு. அந்தப் பட்டியலில் தங்கள் சாதியின் பெயர் எங்குமே வராத மாணவியர் என் வகுப்பில் இருக்கிறார்கள்.

1989இல் தொடங்கிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் திட்டத்தை நான் முற்றிலும் குறை சொல்ல மாட்டேன். பெண் பத்தாம் வகுப்பு படித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை பல பெண்களைப் பள்ளியில் நிறுத்தியது. 2011க்குப் பிறகு தாலிக்குத் தங்கமும் சேர்ந்தது. பட்டம் பெற்ற பெண்ணுக்கு 50,000 ரூபாய், பத்தாம் வகுப்பு படித்தவளுக்கு 25,000. ஆனால் பட்டம் வாங்கியதற்கான பரிசு கல்யாணத்தன்றுதான் கைக்கு வந்தது. கல்யாணம் செய்துகொள்ளாத பட்டதாரிக்கு அந்தத் திட்டத்தில் இடமே இல்லை.

2022இல் அந்தத் திட்டத்தையே உயர்கல்வி உறுதித் திட்டமாக மாற்றினார்கள். அந்த ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் வடசென்னையில் உள்ள பாரதி மகளிர் கல்லூரியில் 'புதுமைப் பெண்' தொடங்கியது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்புவரை அரசுப் பள்ளியில் படித்த பெண் பட்டப்படிப்போ பட்டயப்படிப்போ ஐ.டி.ஐ.யோ சேர்ந்தால், அது முடியும்வரை மாதம் 1,000 ரூபாய். வேறு உதவித்தொகை வாங்கினாலும் இதுவும் கிடைக்கும். பின்னர் அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் விரிவாக்கினார்கள். ஆயிரம் ரூபாய் சிறிய தொகைதான். எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. இந்தத் திட்டம் அப்பாவின் வருமானத்தைக் கேட்பதில்லை. நீ எங்கே படித்தாய் என்று மட்டும் கேட்கிறது. பணமும் அவளுடைய வங்கிக் கணக்குக்கே வருகிறது.

வந்த பிறகு ஏ.டி.எம். கார்டு யாரிடம் இருக்கிறது என்பது அடுத்த கேள்வி. வகுப்பில் ஒருமுறை கேட்டேன். பாதிப் பேர் சிரித்தார்கள். "அம்மா வச்சிருக்காங்க", "அண்ணன்கிட்ட" என்று பதில்கள் வந்தன. ஒருத்தி மட்டும், "என்கிட்டதான் மேம், பின் நம்பரை மாத்திட்டேன்" என்றாள். வகுப்பே அவளைத் திரும்பிப் பார்த்தது.

வருமானக் கட்டத்தால் வரும் இன்னொரு துன்பம் அப்பா இல்லாத வீடுகளுக்கு. அடையாறில் நான்கு வீடுகளில் வேலை செய்யும் ஓர் அம்மாவின் மகள் என்னிடம் வந்தாள். அப்பா போய் ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. வருமானச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும் அதே இ-சேவைத் தளத்தில் முதல் பட்டதாரிச் சான்றிதழும் இருக்கிறது, கணவனால் கைவிடப்பட்ட பெண் என்ற சான்றிதழும் இருக்கிறது. அதை வாங்கினால் வழி உண்டு என்று விளக்கினேன். மகள் தலையை ஆட்டவில்லை. "அம்மா ஒத்துக்க மாட்டாங்க மேம். தெருவுல அப்பா துபாய்ல இருக்கார்னு சொல்லியிருக்காங்க."

சான்றிதழ் தருவதற்கு முன் வருவாய்த் துறையினர் அக்கம்பக்கத்தில் விசாரிப்பார்கள். ஒன்பது வருஷம் காத்த மரியாதை ஒரே நாளில் தெருவுக்கு வந்துவிடும். உதவி கேட்டு வருபவள் தன் வாழ்க்கையின் எந்த அறையை வேண்டுமானாலும் திறந்துகாட்டத் தயாராக இருக்க வேண்டும் என்று அலுவலகங்கள் எதிர்பார்க்கின்றன. பணக்கார வீட்டுப் பெண்ணிடம் உன் அம்மா அப்பா பேசிக்கொள்கிறார்களா என்று எந்தக் கல்லூரியும் கேட்பதில்லை. இந்த மகளிடம் அம்மாவை வற்புறுத்து என்று நான் சொல்லவில்லை. மூன்று வாரம் கழித்து அந்த அம்மாவே வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போனார். மகள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அங்கே இருந்தவரிடம் அவர் சொன்னது இவ்வளவுதானாம்: "அவரு போயி ஒம்போது வருசம் ஆச்சு சார். யாரைக் கேக்கணுமோ கேட்டுக்கோங்க. எம் பொண்ணு படிக்கணும்."

முதல் பட்டதாரிச் சான்றிதழிலும் ஒரு சிக்கல் உண்டு. பொறியியல், மருத்துவம் போன்ற தொழிற்கல்விக்கு ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் சேரும் முதல் தலைமுறைப் பட்டதாரிக்குக் கல்விக் கட்டணத்தில் சலுகை தரும் நல்ல திட்டம் அது. ஆனால் வீட்டில் முதல் பட்டதாரி ஒருவர்தான் இருக்க முடியும். அண்ணன் பட்டம் வாங்கிவிட்டால் தங்கை முதல் பட்டதாரி ஆகமாட்டாள். அவள் பரம்பரையில் கல்லூரிப் படியேறும் முதல் பெண்ணாக இருந்தாலும் அதே கதைதான். கல்விக் கடனிலோ, நான்கு லட்சம்வரை சொத்துப் பிணை வேண்டாம், ஆனால் பெற்றோர் கூட்டுக் கடன்தாரராகக் கையெழுத்திட வேண்டும். மணமானவளாக இருந்தால் கணவனோ பெற்றோரோ மாமனார் மாமியாரோ. பல பொதுத்துறை வங்கிகள் மாணவியருக்கு வட்டியில் அரை சதவீதம் குறைக்கின்றன. கையெழுத்துப் போட ஆளில்லாத மாணவிக்கு அந்த அரை சதவீதத்தால் பயனில்லை.

நானும் கேட்டு நின்றவள்தான். 2000ஆம் ஆண்டு, எம்.ஏ. தமிழ் படிக்கும்போது, மயிலாப்பூரில் ஓர் அறக்கட்டளையின் நேர்காணலுக்கு அம்மாவோடு போனேன். எனக்கு முன்னால் போன பையனிடம் எந்தக் கம்பெனியில் வேலை தேடப்போகிறாய் என்று கேட்டது வெளியே கேட்டது. என்னிடம், "கல்யாணமானா படிப்பை விட்டுடுவியே, எங்க பணம் வீண்தானேம்மா?" என்றார் பெரியவர் ஒருவர். கோபமாகக் கேட்கவில்லை. வாஞ்சையாகத்தான் கேட்டார். பிறகு ஒரு விழா நடத்தி, மேடையில் வரிசையாக நிறுத்தி, பெயரோடு அப்பாவின் தொழிலையும் மைக்கில் வாசித்து, கவரைக் கொடுத்தார்கள். அம்மா கீழே உட்கார்ந்திருந்தார். புகைப்படத்தில் நான் குனிந்திருக்கிறேன். பின்னர் முனைவர் பட்ட ஆய்வுக்கு ஜே.ஆர்.எஃப். கிடைத்தபோது யாரும் அப்பாவின் சம்பளத்தைக் கேட்கவில்லை, யாரும் மைக்கில் வாசிக்கவில்லை. பணம் வாங்கும்போது நிமிர்ந்து நிற்கலாம் என்று எனக்குத் தெரிந்தது அப்போதுதான்.

அதனால் மாணவியர் எழுதிவரும் விண்ணப்பக் கடிதங்களில் "தாழ்மையுடன்", "கருணை கூர்ந்து", "தங்கள் பாதம் பணிந்து" ஆகியவற்றை முதலில் அடித்துவிடுவேன். "அப்படி எழுதலைன்னா கொடுப்பாங்களா மேம்?" என்று பயப்படுவார்கள். அவர்களுக்கு நான் சங்க இலக்கியப் பாடத்தை நினைவுபடுத்துவேன். பரிசில் தாமதமானால் அதை நினைவூட்டிக் கேட்பதற்கு நம் புறத்துறைகளில் ஒரு பெயரே இருக்கிறது: பரிசில் கடாநிலை. அதியமான் பரிசில் தர நாள் கடத்தியபோது ஔவையார் அவன் காலில் விழவில்லை. வாயிற்காவலனைப் பார்த்து, உன் தலைவனுக்குத் தன்னையும் தெரியவில்லை, என்னையும் தெரியவில்லை போலிருக்கிறது, எங்கே போனாலும் எனக்குச் சோறு கிடைக்கும் என்ற பொருளில் பாடினார். நம் மரபில் மிகப் பெரிய பெண் கவி உதவி கேட்ட தோரணை இது. தேர்வுக்கு இந்தப் பாட்டை மனப்பாடம் செய்யும் பெண், கட்டணப் பிரிவுச் சன்னலுக்கு முன்னால் மட்டும் ஏன் கைகட்டி நிற்க வேண்டும்?

கைகட்டாமல் கேட்பதற்கு விவரம் தெரிந்திருக்க வேண்டும். ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியருக்குக் குடும்ப வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. சுயநிதிக் கல்லூரியில் படிப்போரின் கட்டாயக் கட்டணங்களையும் அரசு ஏற்பதற்கு 2012ஆம் ஆண்டின் அரசாணை 92 இருக்கிறது. "முதலில் நீ கட்டு, வந்ததும் தருகிறோம்" என்று சொல்லும் இடத்தில் அந்த எண்ணைச் சொல்லிக் கேட்கலாம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் இலவசக் கல்வித் திட்டத்தில் பெற்றோரை இழந்தோர், விதவையரின் பிள்ளைகள், முதல் தலைமுறையினர் ஆகியோருக்கு முன்னுரிமை உண்டு. மூலச் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்துவைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் அறிவித்திருக்கிறது.

நமக்கு இல்லாத ஒன்று மேல்முறையீடு. அமெரிக்காவிலும் உதவித்தொகைக்குப் பெற்றோர் வருமானத்தைத்தான் பார்க்கிறார்கள். இளங்கலை மாணவி 24 வயதுவரை பெற்றோரைச் சார்ந்தவள் என்றே அங்கும் கணக்கு. கல்யாணம் செய்துகொண்டால் அதற்கு முன்பே 'சுதந்திரமானவள்' ஆகிவிடலாம் என்பது அவர்கள் ஊர் வேடிக்கை. ஆனால் காகிதத்தில் உள்ள வருமானம் என் நிலையைச் சொல்லவில்லை என்று ஒரு மாணவி எழுதினால், அதைப் பரிசீலித்துத் தொகையை மாற்ற அங்குள்ள கல்லூரியின் நிதியுதவி அலுவலருக்குச் சட்டப்படி அதிகாரம் உண்டு. இங்கே அப்படி எழுத ஒரு தாள் இல்லை. முதல்வர் நல்லவராக இருந்தால் நடக்கும், இல்லாவிட்டால் இல்லை. அப்பா சம்பாதிக்கிறார், ஆனால் எனக்குக் கட்ட மாட்டார் என்று ஒரு பெண் ரகசியமாக எழுதிக் கொடுக்கவும், அதை மூன்று பேர் உட்கார்ந்து படிக்கவும் ஒவ்வொரு கல்லூரியும் வழி செய்ய முடியும். இதற்கு அரசாணைகூடத் தேவையில்லை.

அதுவரை பேரம் வீட்டில்தான். நகைச் சீட்டு மாணவியிடம், அப்பாவிடம் என்ன கேட்டாய் என்றேன். "ஃபீஸ் கட்டுங்கன்னு கேட்டேன்" என்றாள். எவ்வளவு என்று சொல்லவில்லை, எப்போது என்று சொல்லவில்லை. இருவரும் ஒரு தாளில் கணக்குப் போட்டோம். நான்கு பருவத்துக்கு மொத்தம் 36,000 ரூபாய். ஏழு மாதச் சீட்டும் ஆயிரம் ரூபாயும். அதில் முதல் பருவம் ஏற்கெனவே கட்டியாகிவிட்டது. நடக்கிற சீட்டை நிறுத்தினால் நஷ்டம். ஆகவே அது முடிந்த பிறகு அடுத்த சீட்டை ஆறு மாதம் தள்ளித் தொடங்கச் சொல்லிக் கேட்பது என்று அவளே முடிவு செய்தாள். பத்து நாள் வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை. பிறகு அப்பா ஒப்புக்கொண்டார், கூடவே ஜாதகத்தை வெளியே எடுப்பேன் என்றார். "எடுங்க, எம்.ஏ. முடிச்ச பிறகுதான் கல்யாணம்" என்று இவள் சொன்னாள். உடனடிக் கட்டணத்துக்கு அம்மாவின் வளையல் ஒன்று அடகுக்குப் போனது. மாலையில் டியூஷன் எடுத்து அதை மீட்டாள். எம்.ஏ. முடித்துவிட்டாள். இப்போது பி.எட்.

எங்கள் துறையில் நீளமான நோட்டு ஒன்று இருக்கிறது. உதவித்தொகை வாங்கியவர்கள் அடுத்து வருபவர்களுக்காக எழுதிவைப்பது. பரிசில் பெற்ற பாணன், பெறாதவனுக்கு வழி சொல்வது ஆற்றுப்படை என்றால், விறலிக்குச் சொல்வது விறலியாற்றுப்படை. அந்தப் பெயரைத்தான் அட்டையில் யாரோ ஒருத்தி ஸ்கெட்ச் பேனாவால் எழுதியிருக்கிறாள். உள்ளே எந்த அலுவலகத்தில் எத்தனை நகல் கேட்பார்கள், எந்தக் கிழமையில் கூட்டம் குறைவு, ஆதார் எண்ணை வங்கிக் கணக்கில் இணைக்காமல் பணம் ஏன் திரும்பிப் போகிறது என்பதெல்லாம் பல கையெழுத்துகளில் இருக்கிறது. சமையல் காண்ட்ராக்டர் மகள் கல்லூரியை விட்டுப் போகும்போது எழுதியது இது: "வீட்டில் கேட்கும்போது மொத்தத் தொகையைச் சொல்லிக் கேள். தேதியையும் சொல். முதலில் அம்மாவிடம் தனியாகப் பேசு. அழுகை வந்தால் பரவாயில்லை, தாளை மட்டும் கையிலிருந்து கீழே வைக்காதே."